ஒன்றரை அங்குலக் குழாய்

அமெரிக்காவில் வண்டிவீட்டில் ஊர் சுற்றும் தம்பதிகளிடையே 'பிங்க் வேலை', 'நீல வேலை' என்று இரண்டு சொற்கள் புழங்குகின்றன. சமைப்பது, பாத்திரம் கழுவுவது, படுக்கையை மடிப்பது, வண்டி ஓடும்போது உருளாதபடி சாமான்களை அடுக்கிவைப்பது எல்லாம் பிங்க். வண்டியைப் பின்னோக்கி எடுத்து நிறுத்துவது, மின்சாரம் இணைப்பது, டயரில் காற்றுப் பார்ப்பது, கழிவுத் தொட்டியைத் திறந்து காலி செய்வது எல்லாம் நீலம். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். பிறந்த குழந்தைக்குத் துணி எடுக்கும்போது தொடங்கும் இந்த நிறப் பிரிவினை, அறுபது வயதுக்குமேல் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊர் பார்க்கக் கிளம்பும்போதும் கூடவே ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

அந்தப் பட்டியலில் ஒரு பொருள் மட்டும் எந்தப் பக்கம் என்று தெளிவாக இல்லை. பாத்திரம் கழுவும் சிங்க். சிங்க் பிங்க் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் சிங்க்கிலிருந்து இறங்கும் குழாய் ஒன்றரை அங்குல அகலத்தில் வண்டியின் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போகிறது. தரைக்கு மேலே அவளுடையது, தரைக்குக் கீழே அவனுடையது. குழாய் அடைத்துக்கொண்டால் அது யாருடைய வேலை? இந்தச் சின்னக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனபோது, பெண்களிடம் ஒரு காலத்தில் இருந்து பிறகு கைநழுவிய ஓர் அறிவின் வரலாறு எனக்குக் கிடைத்தது.

வண்டிவீடு என்று நான் சொல்வது ஆர்.வி. என அங்கே அழைக்கப்படும் வாகனத்தை. எஞ்சினோடு சேர்ந்த பேருந்து வடிவிலும் இருக்கும், காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லராகவும் இருக்கும். நம்மூரில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிற்பது என்றுதான் நினைப்போம். அங்கே அது நடுத்தரக் குடும்பத்தின் விடுமுறை. சிலருக்கு அதுவே நிரந்தர வீடு.

நகரும் சமையலறை வீட்டுச் சமையலறையின் குட்டி நகல் என்றுதான் தோன்றும். வரலாற்றில் முதலில் நடந்தது இதற்கு நேரெதிர். 1869இல் கேதரின் பீச்சர் தன் தங்கை ஹாரியட் பீச்சர் ஸ்டோவுடன் சேர்ந்து 'அமெரிக்கப் பெண்ணின் வீடு' என்ற புத்தகத்தை எழுதினார். ('டாம் மாமாவின் குடில்' எழுதிய அதே ஸ்டோ.) அதில் வீட்டுச் சமையலறைக்கு அவர் காட்டிய முன்மாதிரி நீராவிக் கப்பலின் சமையலறை. இருநூறு பேருக்கு ஆக்கிப்போட அத்தனை சிறிய இடம் போதும் என்றால், ஒரு குடும்பத்துக்குச் சமைப்பவள் ஏன் ஒரு பெரிய அறைக்குள் காலையிலிருந்து இரவுவரை நடந்து தேய வேண்டும் என்பது அவருடைய வாதம். அவர் வரைந்த சமையலறையில் சிங்க்கின் அருகிலேயே கிணற்று நீருக்கு ஒரு பம்ப், மழைநீருக்கு ஒரு பம்ப். கழுவிய பாத்திரம் வடிய ஒரு பலகை.

1926இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெத்தே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த சமையலறைக்கு ரயிலின் உணவுப் பெட்டி முன்மாதிரி. ஏறக்குறைய 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். பத்தாயிரம் வீடுகளில் அது பொருத்தப்பட்டது. அதை வடிவமைப்பதற்கு முன் தான் வீட்டு நிர்வாகம் எதையும் செய்ததில்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பெண்ணின் நேரத்தை மிச்சப்படுத்த வந்த அந்த அறை, அவளை ஒருத்தியாக உள்ளே அடைத்துப் போட்டது என்று 1970களில் பெண்ணியவாதிகள் விமர்சித்தார்கள். இரண்டுமே உண்மை என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆக, கப்பலும் ரயிலும் வீட்டுச் சமையலறைக்குள் வந்தன. அங்கிருந்து அது மறுபடி சக்கரத்தில் ஏறியது. இன்றும் வண்டிவீட்டுக்காரர்கள் சமையலறைக் கழிவுநீர்த் தொட்டியைக் கப்பல் சமையலறைக்கான சொல்லால் 'கேலித் தொட்டி' என்கிறார்கள். தமிழில் எழுதும்போது அது வேறொன்றாகவும் கேட்கிறது. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

இந்தச் சமையலறைகளின் வரலாற்றை எழுதுபவர்கள் அடுப்பையும் அலமாரியையும் பற்றி எழுதுவார்கள். நான் தேடிப்போனது குழாயை. அப்படித்தான் ஹாரியட் பிளங்கெட் எழுதிய புத்தகத்தைக் கண்டேன். 1885இல் நியூயார்க்கில் வெளிவந்தது. 'பெண்களும் குழாய்ப் பணியாளர்களும் மருத்துவர்களும்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். பெண்களும் குழாய்ப் பணியாளர்களும் தங்கள் கடமையைச் சரியாகச் செய்தால் மருத்துவருக்கு வேலையே பெரிதாக இருக்காது என்ற பொருளில் நீண்ட துணைத்தலைப்பும் உண்டு. அந்த வரிசையைக் கவனியுங்கள். பெண்ணையும் குழாய்ப் பணியாளரையும் ஒரே வாக்கியத்தில், ஒரே பொறுப்பில் நிறுத்துகிறார். வீட்டுக்குள் வரும் தண்ணீரும் வெளியே போகும் தண்ணீரும் எந்த வழியாகப் போகின்றன, எந்த வளைவில் தேங்குகின்றன, காற்று எங்கே நுழைகிறது என்பதை வீட்டுப்பெண் படம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட நூல் அது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1887இல், எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸும் மேரியன் டால்பட்டும் தொகுத்த 'வீட்டுச் சுகாதாரம்' என்ற கையேடு வந்தது. ரிச்சர்ட்ஸ், எம்.ஐ.டி.யில் 1873இல் பட்டம் பெற்ற முதல் பெண். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆறுகள், ஏரிகளிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான நீர் மாதிரிகளைச் சோதித்த வேதியியலாளர். அவரைப் போன்றவர்கள் சிங்க்கின் அடியில் இருக்கும் வளைந்த குழாயை, நம் பிளம்பர்கள் இன்று 'பி டிராப்' என்று சொல்வதை, சாதாரணப் பெண்களுக்கு விளக்கினார்கள். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடை வாயு அறைக்குள் ஏறாமல் தடுக்கும் கதவு. கதவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அக்காலத்தில் ஒரு சோதனை இருந்தது. ஒருவர் மேலே நின்று குழாயில் மின்ட் எண்ணெயையும் வெந்நீரையும் ஊற்றுவார். இன்னொருவர் அறை அறையாகப் போய் முகர்ந்து பார்ப்பார். எங்காவது மின்ட் மணத்தால் அங்கே ஓட்டை என்று பொருள். குழாயைச் சோதிக்கத் தேவையான கருவி ஒரு மூக்கு.

சாக்கடை வாயுவிலிருந்துதான் டைபாய்டும் தொண்டை அடைப்பானும் வருகின்றன என்று அப்போது பலர் நம்பினார்கள். கிருமிகளைப் பற்றிய அறிவு வளர்ந்தபோது அந்தப் பயம் பொய்த்தது. பயத்தோடு சேர்ந்து அந்த அறிவும் பெண்களின் புத்தகங்களிலிருந்து மெல்ல விலகியது என்பது என் கணிப்பு. குழாய் வேலை உரிமம் பெற்ற ஆண்களின் தொழிலானது. மனையியல் பாடம் சிங்க்கின் மேற்பரப்போடு நின்றுகொண்டது. பளபளப்பாகத் துடைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அடியில் குனிந்து பார்க்கக் கற்றுக்கொடுக்கவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிளங்கெட்டின் வாசகி வேலைக்காரி வைத்திருந்த வீட்டுக்காரி. அவள் தெரிந்துகொண்டாள், கையை விட்டுத் துழாவியது வேறொருத்தி.

கார் வந்தபோது பெண்களுக்கு எந்திரம் புரியாது என்ற பேச்சும் கூடவே வந்தது. ஆலிஸ் ராம்சே அதை 1909இலேயே பொய்யாக்கினார். இருபத்திரண்டு வயதில், மூன்று பெண்களை ஏற்றிக்கொண்டு, நியூயார்க்கிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவரை 59 நாளில் ஓட்டிச் சென்றார். டயர் மாற்றியதும் எஞ்சினைத் துடைத்ததும் அவரேதான். ஆனால் வண்டிவீட்டின் பிறப்புக் கதையாக நினைவில் நிறுத்தப்பட்டது வேறொன்று. அலுமினிய உடலோடு வெள்ளிபோல் மின்னும் ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர்களை உருவாக்கிய வாலி பயம், 1920களில் தன் மனைவி மேரியனோடு முகாமுக்குப் போக விரும்பினார். சமையலறை இல்லாமல் வரமாட்டேன் என்றார் மேரியன். அதனால்தான் அவர் சக்கரத்தின்மேல் ஒரு வீட்டைக் கட்டத் தொடங்கினார் என்று அந்நிறுவனமே தன் வரலாற்றைச் சொல்கிறது. அடம்பிடித்த மனைவி என்று சிரிப்பதற்காகச் சொல்லப்படும் கதை. எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. விடுமுறை என்று கூட்டிப்போய்ப் புழுதியில் குந்தவைத்துச் சமைக்கச் சொன்னால் அது யாருக்கு விடுமுறை?

அன்றைய டிரெய்லர்களில் சிங்க் இருந்தது, தொட்டி இல்லை. குழாய் தரையைத் துளைத்துக்கொண்டு இறங்கும். அதன் கீழே ஒரு வாளி. வாளி நிறைந்தால் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். மறந்தால் வண்டிக்கடியில் சேறு. இரண்டாம் உலகப் போரின்போது ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்தவர்களை அரசு ஆயிரக்கணக்கான டிரெய்லர்களில் குடிவைத்தது. வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டில் அப்படி ஒரு பெரிய டிரெய்லர் நகரமே இருந்தது. குளியலும் துவையலும் பொதுக் கட்டடத்தில். நாகசாகியில் விழுந்த குண்டுக்கான புளூட்டோனியம் அங்கேதான் உருவானது. தாங்கள் என்ன செய்கிறோம் என்பது அங்கே வேலை செய்த பெரும்பாலோருக்குத் தெரியாது. அந்த ரகசியத்தைப் பற்றி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. பாத்திரம் கழுவிய தண்ணீரை அங்கே எத்தனை பெண்கள் எத்தனை தடவை தூக்கிக் கொட்டினார்கள் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை.

1950களின் பிற்பகுதியில் தண்ணீரையும் கழிவையும் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் வண்டிகள் விற்பனைக்கு வந்தன. எந்த இணைப்பும் இல்லாமல் எங்கேயும் நிற்கலாம் என்பது அவற்றின் பெருமை. வாளி மறைந்து தொட்டி வந்தது. தொட்டி வந்ததும், சமையலறையிலிருந்து போகும் தண்ணீர் சமைப்பவளின் கண்ணுக்குத் தெரியாமல் போனது. காலி செய்வது வண்டியின் வெளிப்பக்கத்தில் இருக்கும் வால்வைத் திறக்கும் வேலையாகி, டயரோடும் எஞ்சினோடும் சேர்ந்தது. நீலமானது.

1954இல் வந்த 'தி லாங், லாங் டிரெய்லர்' என்ற நகைச்சுவைப் படத்தில் லூசில் பால் ஓடுகிற டிரெய்லருக்குள் இரவுச் சாப்பாடு தயாரிப்பார். வண்டி திரும்பத் திரும்ப அவர்மேல் மாவும் காய்களும் கொட்டும். திரையரங்கம் அதிரச் சிரித்திருப்பார்கள். பால் அபாரமான நடிகை, நானும் சிரித்தேன். ஆனால் முன்னால் உட்கார்ந்து ஓட்டுபவன், பின்னால் நின்று சமைப்பவள் என்ற ஏற்பாட்டைப் படம் ஓர் இடத்திலும் கேள்வி கேட்பதில்லை.

இனி குழாய் எப்படி அடைக்கிறது என்று பார்ப்போம். வீட்டில் சிங்க்கின் தண்ணீர் தெருச்சாக்கடைக்குப் போகிறது. வண்டிவீட்டில் அதன் பயணம் சில அடிதான்: பி டிராப், அதிலிருந்து கறுப்பு நிற ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் குழாய், தரைக்கடியில் தொட்டி. சிங்க்கிலும் குளியலிலும் இருந்து வருவதைச் சாம்பல் நீர் என்பார்கள், கழிப்பறையிலிருந்து வருவதைக் கறுப்பு நீர். சாம்பல் நீர்த் தொட்டி பல வண்டிகளில் 110 முதல் 150 லிட்டர்வரை பிடிக்கும். சுத்த நீரும் அளவுதான். அதனால் வண்டிவீட்டில் ஏறும் பெண்ணுக்குச் சொல்லப்படும் முதல் பாடம் தண்ணீரைச் சிக்கனமாகப் புழங்கு என்பது. குழாயைச் சொட்டாகத் திறந்து நனைப்பாள், மூடுவாள், தேய்ப்பாள், மறுபடி சொட்டாகத் திறந்து அலசுவாள். அப்படி அலசிய நீருக்கு எண்ணெயையும் மாவுச்சத்தையும் தள்ளிக்கொண்டு போகிற வேகம் கிடையாது. குழாயின் சரிவும் குறைவு. வண்டி சமமில்லாத இடத்தில் நின்றால் அந்தச் சரிவும் இல்லை. இரவுக் குளிரில் தரைக்கடியில் ஓடும் குழாய் சில்லிட்டுப்போக, கொழுப்பு அதன் சுவரில் உறைகிறது. மறுநாள் காபித்தூள் அதில் ஒட்டுகிறது. ஆக, சிக்கனப் பாடத்தை நன்றாகப் படித்தவளுடைய குழாய்தான் சீக்கிரம் அடைக்கிறது. அடைத்ததும் அவளிடம்தான் கேள்வி வருகிறது: எதைப் போட்டாய்?

தண்ணீர் இறங்காமல் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது குழாயை அல்ல, தொட்டியை. நிறைந்த தொட்டி அடைப்பைப் போலவே நடந்துகொள்ளும். தொட்டியின் அளவுகாட்டியை நம்ப முடியாது. உள்ளே இருக்கும் உணரிகளில் கொழுப்பும் சோப்பும் படிந்து அது வாய்க்கு வந்ததைச் சொல்லும். குளியல் தரைதான் வண்டியிலேயே தாழ்ந்த வடிகால் என்பதால், தொட்டி நிறைந்தால் தண்ணீர் அங்கே எட்டிப் பார்க்கும். அங்கே காய்ந்திருந்து சிங்க் மட்டும் நிற்கிறது என்றால் அடைப்பு டிராப்பில் அல்லது அதற்கடுத்த வளைவில். இறங்கும்போது குளுக் குளுக் என்று சத்தம் கேட்டால் கோளாறு காற்றில். குழாய்க்குள் தண்ணீர் இறங்கக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். அதற்கென்று கூரைவரை ஒரு குழாய் போகும், அல்லது சிங்க்கின் அடியில் காற்றை உள்ளே மட்டும் விடும் ஒரு சின்ன வால்வு இருக்கும். கூரைக் குழாயில் குளவி கூடு கட்டுவதும் உண்டு. சின்ன வால்வு பழுதானால் கையாலேயே கழற்றிப் புதிதை மாட்டலாம்.

டிராப்பில் அடைப்பென்றால் அடியில் ஒரு வாளியை வைத்து, இரண்டு பக்கத்து நட்டுகளையும் கையால் திருகிக் கழற்றிவிடலாம். பெரும்பாலும் ஸ்பேனர்கூட வேண்டாம். அதற்கும் அப்பால் இருந்தால் சுருள் கம்பியை விட்டுச் சுழற்ற வேண்டும். ரப்பர் பம்ப் அடிப்பதானால், இரட்டை சிங்க்கில் மற்றத் துளையை ஈரத்துணியால் அடைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் அமுக்கியது மறுபக்கம் முகத்தில் வரும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக்கும் அதன் இணைப்புகளும் இளகும்; கை பொறுக்கும் சூடு போதும், கூடவே பாத்திரம் கழுவும் திரவம். காஸ்டிக் சோடா கலந்த அடைப்புநீக்கியை ஊற்றவே கூடாது. அது ரப்பர் வளையங்களைக் கெடுக்கும், தொட்டியில் போய்த் தங்கும், பிறகு வால்வைத் திறப்பவர் கைமீது தெறிக்கும். சமையல் சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நன்றாக நுரைக்கும், ஒன்றையொன்று முறித்துக்கொண்டு அடங்கிவிடும். கொழுப்புக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

இவையெல்லாம் வந்தபின் பார்க்கும் வைத்தியம். வராமல் இருக்கச் செய்வது வேறு வகை வேலை. கழுவுமுன் தட்டைக் காகிதத்தால் துடைப்பது. வாணலி எண்ணெயை ஒரு டப்பாவில் ஊற்றி உறையவிட்டுக் குப்பையில் போடுவது. சிங்க்கில் ஒரு பேசினை வைத்துக் கழுவி, அந்தத் தண்ணீரையே கழிப்பறைக்கு ஊற்றுவது. தண்ணீர் இணைப்பு உள்ள முகாமில் நிற்கும்போது, சிங்க்கை முழுக்க நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிட்டு, குழாய்க்கு அதற்குத் தேவையான வேகத்தைக் கொடுப்பது. யாருக்கும் வேலையாகவே தெரியாத இவை தினமும் மூன்று வேளையும் நடக்கின்றன. இவை எல்லாமே தரைக்கு மேலே நடப்பவை. அடைப்பை எடுப்பது மாதத்துக்கு ஒரு தடவையோ வருடத்துக்கு ஒரு தடவையோ வரும், கருவிப்பெட்டி திறக்கப்படும், எல்லோருக்கும் தெரியும். பழுதுபார்ப்பு என்று கணக்கில் ஏறுவது அது மட்டும்தான். குளிர்காலத்தில் வண்டியை நிறுத்திவைக்கும் முன் டிராப்பில் நிற்கும் நீர் உறைந்து குழாயை வெடிக்காமலிருக்க எல்லா வடிகாலிலும் உறைதடுப்புத் திரவம் ஊற்றுவார்கள். அந்தத் திரவத்தின் நிறம் பிங்க். அதை ஊற்றுவது நீல வேலை.

இதையெல்லாம் தமிழில் எழுத ஒரு சொல் தேடினேன். அங்கணம் என்பது கிடைத்தது. திருக்குறளின் அவையறிதல் அதிகாரத்துக் கடைசிக் குறளில் இருக்கும் சொல். அமிழ்தத்தைக் கொட்டினால் வீணாகிற இடமாக, தூய்மையற்ற இடமாக, அது அங்கே உவமையாகிறது. தென்மாவட்டங்களில் பாத்திரம் கழுவும் இடத்தை அங்கணம் என்று சொல்லும் வீடுகள் இன்றும் உண்டு. பாடம் நடத்தும்போது பலமுறை கடந்து போயிருக்கிறேன். அமிழ்தம் உவமைக்குள் வந்தது, கொட்டியவன் வந்தான். அங்கணத்தில் தினமும் குனிந்து நின்றவள் வரவில்லை.

நம் வீடுகளில் அங்கணம்வரை பெண்ணின் வேலை. அங்கணத்துக்கு வெளியே சாதியின் வேலை. குழாய் அடைத்தால் 'ஆள்' கூப்பிடுகிறோம். அந்த ஆள் எங்கிருந்து வருகிறார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று நமக்குத் தெரியும், தெரியாதது போல் இருக்கிறோம். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்ய 1993இல் ஒரு சட்டம், போதாதென்று 2013இல் இன்னொரு சட்டம். அதன் பிறகும் சாக்கடைக்குள் இறங்கியவர்களின் சாவுச் செய்தி வந்துகொண்டிருக்கிறது. அமெரிக்க வண்டிவீட்டு முகாமில் என்னை வியக்கவைப்பது இதுதான்: வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவரும் கையுறை போட்டுக்கொண்டு வரிசையில் நின்று தன் தொட்டியைத் தானே காலி செய்கிறார். கறுப்பு நீரை முதலில் திறந்துவிட்டு, பிறகு சாம்பல் நீரைத் திறந்து அதனாலேயே குழாயை அலசுகிறார். அங்கே சமத்துவம் பொங்கி வழிகிறது என்று சொல்லவில்லை. கறுப்பின மக்கள் பல காலம் எந்த முகாமில் வண்டியை நிறுத்தலாம் என்பதற்கே கேட்டு விசாரித்துப் போக வேண்டியிருந்தது; எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று அவர்களுக்காக விக்டர் கிரீன் 1936 முதல் வெளியிட்ட பச்சைப் புத்தகம் அதற்குச் சாட்சி. ஆனாலும் தன் கழிவைத் தானே கையாளுவது இழிவில்லை என்ற ஓர் எளிய பழக்கம் அங்கே இருக்கிறது. அந்தப் பழக்கத்துக்குள்ளும் கையுறை பெரும்பாலும் ஒரே ஒருவர் கையில் இருக்கிறது.

அவர் இறந்துபோனால்? அல்லது நோயில் விழுந்தால்? பிங்க்-நீலப் பட்டியலின் விலை அன்றுதான் தெரிகிறது. முப்பது வருடம் அந்த வண்டிக்குள் சமைத்தவளுக்கு வால்வு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாது. கணவன் போனதும் வண்டியை விற்றுவிடலாம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். வண்டியோடு அவளுடைய சாலையும் நண்பர்களும் போய்விடுவார்கள். இந்த இடத்தில்தான் பெண்களின் அமைப்புகள் தேவைப்பட்டன. கே பீட்டர்சனும் அவர் கணவர் ஜோவும் 1978இல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் சங்கம் தம்பதிகளுக்கும் தனியர்களுக்கும் பொதுவானது. 1991இல் 'ஆர்.வி.யிங் விமன்' பெண்களுக்கென்றே தொடங்கப்பட்டது. 1999இல் 'சிஸ்டர்ஸ் ஆன் தி ஃபிளை' வந்தது. இரண்டாவதன் பழைய டிரெய்லர்கள் பூப்போட்ட வண்ணங்களில் மின்னுவதைப் படங்களில் பார்க்கும்போது, பிங்க்கை அவர்கள் தூக்கி எறியவில்லை, வண்டி முழுவதற்கும் பூசிக்கொண்டார்கள் என்று தோன்றும். ஒருத்தி இன்னொருத்திக்கு வண்டியின் அடியில் படுத்து வால்வைக் காட்டுவது, பிளங்கெட் 1885இல் படம் வரைந்து காட்டியதன் தொடர்ச்சிதான். இடையில் ஒரு நூற்றாண்டு விடுபட்டிருக்கிறது.

2008 பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வேறு வகைப் பெண்கள் சாலைக்கு வந்தார்கள். வீடிழந்தவர்கள், ஓய்வூதியம் வாடகைக்குப் போதாதவர்கள். அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் வாழ்நாள் ஊதியத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால், பெண்களுக்குச் சராசரியாக ஆண்களைவிடக் குறைவாகவே கிடைக்கிறது. பிள்ளை வளர்த்த ஆண்டுகளும் மாமியாரைப் பார்த்துக்கொண்ட ஆண்டுகளும் அதில் சம்பளமாக ஏறுவதில்லை. இவர்களைப் பற்றி ஜெசிகா புரூடர் எழுதிய 'நோமேட்லேண்ட்' 2017இல் வந்தது. க்ளோயி ஜாவோ அதை 2020இல் படமாக்கினார். இந்தப் பெண்களுக்குப் பிங்க், நீலம் என்று பிரித்துக்கொள்ள ஆளில்லை. சமைப்பதும் கழுவுவதும் டிராப்பைக் கழற்றுவதும் ஒரே இரண்டு கைகள்.

அரிசோனாவின் குவார்ட்ஸைட் ஊரையொட்டிய பாலைவனத்தில் நடுவண் அரசின் நிலத்தில் நீண்டகாலம் தங்கும் பகுதிகள் இருக்கின்றன. பருவம் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15வரை. பல ஆண்டுகளாக அதற்கான கட்டணம் 180 டாலராக இருந்தது. ஒரு நகரத்து அறைக்கு ஒரு வார வாடகைகூட ஆகாத தொகை. பொதுக் கழிப்பறையிலிருந்து தள்ளி வண்டியை நிறுத்துவதற்கு ஒரு நிபந்தனை: வண்டியோடு நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட கழிவுநீர்த் தொட்டி இருக்க வேண்டும், குறைந்தது 10 காலன், அதாவது ஏறக்குறைய 38 லிட்டர். வாளி செல்லாது. வாளியில் தொடங்கிய கதை இங்கே வந்து சட்டமாகி நிற்கிறது. 38 லிட்டர் தொட்டி உள்ளவள் தான் விரும்பிய இடத்தில் நிற்கலாம். பழைய வேனில் பேசினும் வாளியுமாக வந்தவள் கழிப்பறைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். நிலத்தைக் காக்கும் விதி அது, தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தொட்டியைப் பொருத்தும் செலவு சிலருக்கு ஒரு மாதச் சாப்பாடு.

லா போசா பகுதியில் தண்ணீர்க் குழாயும் கழிவிறக்கும் இடமும் உண்டு. ஏப்ரல் நடுவில் வெயில் ஏறும்போது வண்டிகள் வடக்கே கிளம்பும். கிளம்புமுன் ஒவ்வொரு வண்டியும் அங்கே நின்று, வால்வைத் திறந்து, குளிர்காலம் முழுவதும் கழுவிய பாத்திரங்களின் கடைசித் தண்ணீரை இறக்கிவிட்டுப் போகும்.